சிஸ்டரின் தொப்பி எங்கே போனது?

செவிலியரை நாம் இன்றும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். நோயாளிகளைப் பராமரிப்பது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கன்னியாஸ்திரிகளின் ஊழியமாக இருந்ததன் தடம் அந்தச் சொல். வெள்ளைத் தொப்பியும் அவர்களுடைய முக்காடு சுருங்கி வந்ததுதான். ஆகவே செவிலியர் சீருடை, தொடக்கத்தில் வேலைக்கென்று தைத்த உடை அல்ல; உடுத்தியவளின் ஒழுக்கத்துக்கு ஒரு நற்சான்று. அன்றைய இங்கிலாந்தில் அப்படியொரு சான்று தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. 1840-களில் சார்லஸ் டிக்கன்ஸ் 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் படைத்த சேரி கேம்ப் என்ற குடிகாரத் தாதிதான், நர்ஸ் என்றதும் பலர் மனதில் எழுந்த உருவம். 1854-இல் கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு அழைத்துப்போன பெண்களுக்குச் சாம்பல் நிறக் கம்பளி உடை கொடுக்கப்பட்டது. தோளின் குறுக்கே, மருத்துவமனையின் பெயரைச் சிவப்பு நூலால் தைத்த பட்டி. அழகான உடை இல்லைதான். ஆனால் படைவீரர்கள் நடமாடும் தெருவில் அது அவர்களுக்குக் காவலாக இருந்தது.

அந்தக் காவலே பிறகு சுமையானது. தரையைத் தொடும் பாவாடை, கஞ்சி போட்டு விறைத்த காலர், கழற்றி மாட்டும் கைப்பட்டை. புண்ணைக் கழுவக் கைப்பட்டையைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்ட வேண்டும். தலைமைச் செவிலியரான மேட்ரன் முன்னால் நிற்க மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். கிருமிகளைக் கொல்லாமல் அறுவைச் சிகிச்சை பாதுகாப்பாகாது என்று ஜோசப் லிஸ்டர் 1867-இலேயே எழுதிவிட்டார். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அந்தப் பாவாடை வார்டுத் தரையைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை மேலே ஏற்றியது முதல் உலகப்போர்: காயம்பட்டவர்கள் வந்து குவிந்தபோது, நீண்ட துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட யாருக்கும் கை மிச்சமில்லை.

தொப்பி மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு நின்றது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1970-களுக்குப் பிறகு அது மறைந்தது. ஆண் செவிலியர்கள் அது இல்லாமலே அதே வேலையைச் செய்துவந்தார்கள் என்பதே அது தேவையற்றது என்பதற்குப் போதிய சான்று. 2007-இல் பிரிட்டன் சுகாதாரத் துறை முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ கூடாது என்றது. சீருடையால் தொற்று பரவுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதை அந்தத் துறையே ஒப்புக்கொண்டது. அதைக் காட்டி விதியைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு விதி சரியென்றே படுகிறது. அதன் நோக்கம் துணியல்ல, மணிக்கட்டு வரை கை கழுவுவது. மார்பில் குத்திக்கொள்ளும் தலைகீழ்க் கடிகாரம் இந்த விதிக்கும் தப்பிவிட்டது. நாடி பார்க்கும்போது கையைத் திருப்பாமலே நேரம் பார்க்க அது உதவுகிறது.

எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டையும் கால்சட்டையும் போட்டால் நர்ஸ் யார் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி நியாயமானது, குறிப்பாக முதியவர்களுக்கு. பதவிக்கொரு நிறம் கொடுப்பது ஓரளவு உதவுகிறது. ஆனால் உடை அந்தஸ்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. முதியோர் மருத்துவரான கேட் கிரேஞ்சர் 2013-இல் இங்கிலாந்தில் தானே நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். அங்கே சீருடைக்குக் குறைவில்லை. 'வணக்கம், என் பெயர் இது' என்று சொல்லித் தொடங்கச் சொல்லும் இயக்கம் அந்தப் படுக்கையிலிருந்துதான் பிறந்தது.