ஒத்ததிர்வு மருத்துவம் தீங்கற்றதா?

நோயுற்றான் முதற்கண் வேண்டுவது நலம். அதனோடு ஒக்க வேண்டுவது துன்பமின்மை. கசக்கும் மருந்தும், குத்தும் ஊசியும், அறுக்கும் கத்தியும் இன்றிப் பிணி தீருமென்று ஒருவர் கூறின், அச்சொல் அவன் செவிக்குத் தேனாக இனித்தல் இயல்பே. அத்தகைய சொற்களுள் ஒன்று, மேனாடுகளில் 'பயோரெசொனன்ஸ்' என வழங்கும் மருத்துவமுறை. தமிழில் இதனை ஒத்ததிர்வு மருத்துவம் எனலாம். இதனாற் பக்கவிளைவு யாதும் இல்லை என்பதே இதனை நடத்துவோர் எடுத்தோதும் புகழுரை. அஃது எத்துணை உண்மை என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இம்முறை 1977ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் தோன்றியது. பிரான்ஸ் மோரெல் என்னும் மருத்துவரும், அவர்தம் மருமகனாரும் பொறியியல் வல்லாருமாகிய எரிக் ராஷே என்பாரும் இதனை வகுத்து, தம்மிருவர் பெயர்களின் முதற்பகுதிகளையும் இணைத்து 'மோரா' எனப் பெயரிட்டனர். உடம்பின் உறுப்புக்கள் தமக்கென மின்காந்த அதிர்வு உடையன. நோய் வந்துழி அவ்வதிர்வு பிறழும். பிறழ்ந்த அதிர்வைக் கருவியொன்று வாங்கித் தலைகீழாக்கி மீண்டும் உடம்பினுட் செலுத்தின் நோய் நீங்கும்: இதுவே அவர்தம் கொள்கை. நோயாளி பற்றும் உலோகத் துண்டுகள் கம்பியால் அக்கருவியோடு பிணைக்கப்பெறும்.

கேட்குங்கால் இது பௌதிக நூலின் ஒரு பகுதி போலவே தோன்றும். உடம்பில் மின்னசைவு உண்டென்பதும் மெய்யே. இதயத்தின் மின்னசைவை வரைந்து காட்டும் முறையைக் கண்ட ஐந்தோவன் என்னும் டச்சு அறிஞர் 1924இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர் மனித மூளையின் மின்னசைவை முதன்முதற் பதிவு செய்தார். ஆயின் அவ்வரைபடங்களை எந்நாட்டு மருத்துவரும் எடுத்து ஒப்புநோக்கலாம். ஒத்ததிர்வுக் கருவிகள் பெரும்பாலும் அளப்பதோ தோலின் மின்தடையையே. கை வியர்த்தால் அஃது ஒருவகை; உலர்ந்தால் வேறுவகை; உலோகத்தை அழுத்திப் பிடித்தாற் பிறிதொரு வகை. அதனைக்கொண்டு ஈரலின் நோயை அறியப் புகுதல், வாயிற்கதவின் ஈரத்தைக் கண்டு உள்ளறையில் வேகும் உணவு இன்னதெனக் கூறுதலை ஒக்கும்.

கொள்கை பிழையாயினும் பயன் உண்டாகலாமன்றோ என வினவுவாரும் உளர். சுவிட்சர்லாந்தில் தாவோஸ் நகரத்துச் சிறார் மருத்துவமனையில், நாட்பட்ட தோலழற்சி உற்ற 32 சிறுவரிடத்து இதனைச் சோதித்தனர். அனைவர்க்கும் வழக்கமான மருத்துவம் செய்யப்பெற்றது. அதனோடு ஒரு சாரார்க்கு உண்மைக் கருவியும், மற்றொரு சாரார்க்குப் பொய்யாக இயக்கிய கருவியும் பயன்படுத்தினர். 1997இல் வெளியான முடிவின்படி, இரு சாரார்க்கும் இடையே குறிக்கத்தக்க வேறுபாடு காணப்பெற்றிலது. நலம்பெற்றேம் என்பார் பொய்யுரைப்பவர் அல்லர். தோலழற்சி போலும் நோய்கள் தாமே ஏறியும் இறங்கியும் வருவன. இறங்குங்கால் அருகிருந்த கருவி புகழைப் பெறுகின்றது.

இனித் தீங்கினை நோக்குவோம். கருவியின் மின்னோட்டம் மிக மெல்லியது. பலர்க்கு அதனால் நேரே ஊறு விளைவதில்லை. எனினும் இதயத்தைத் தூண்டும் மின்பொறியாகிய பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றோர், தம் மருத்துவரை வினவாது இத்தகைய கருவி எதனையும் அணுகலாகாது.

கருவியை நம்புதலால் வரும் தீங்கே பெரிது. அது மூவகைப்படும். முதலாவது, இல்லாத ஒவ்வாமையை உண்டென்றல். பால், முட்டை, கோதுமை முதலியன ஒவ்வா எனக் கருவி காட்ட, அவற்றை வீணே விலக்கிய வளரும் குழவி ஊட்டமின்றி மெலியும். இரண்டாவது, உள்ள ஒவ்வாமை நீங்கிற்று என்றல். நிலக்கடலை ஒவ்வாதான் ஒருவன் இச்சொல்லை நம்பி அதனை உண்பானாயின், சில நிமிடங்களில் மூச்சடைத்து இறத்தலும் கூடும். மூன்றாவது, தக்க மருத்துவத்தைத் தாழ்த்தல். நீரிழிவுற்று இன்சுலினால் உயிர்வாழ்வான் அதனை விடுத்தாலும், புற்றுநோயுற்றான் அறுவைக்குரிய காலத்தைக் கழித்தாலும், இழந்த காலம் மீளாது.

இவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. சிகிச்சைக்குப் பின் தலைவலியோ சோர்வோ வரின், அது நச்சு வெளியேறும் குறி என நடத்துவோர் பலர் கூறுகின்றனர். நோய் குறைந்தாற் கருவியின் வெற்றி. மிகுந்தாலும் அதன் வெற்றி! நோய் முற்றுதலை நலத்தின் குறியாகக் கொள்வானுக்கு எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

ஆதலின் 'தீங்கற்றது' என்னுஞ் சொல்லை இருவேறாகப் பிரித்துணர்தல் வேண்டும். மின்னதிர்ச்சி தராமை ஒன்று. நோயாளியைக் காத்தல் மற்றொன்று. முன்னது உண்மையாதலாற் பின்னதும் உண்மையாகிவிடாது. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என நான்கு கூறாக வகுத்தார். மருத்துவம் கல்லாத நம்மனோர்க்கும் அந்நான்காம் கூறாகிய இடம் உண்டு. நோயுற்ற உறவினரோ நண்பரோ இக்கருவியை நாடுங்கால், எள்ளி நகையாது, 'உண்ணும் மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தற்க' என அன்போடு உரைத்தல் நம் கடன். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.