பழங்கட்டடமும் சுதையும்

பழங்கட்டடங்களைப் பேணுதல் கலைக்காப்பு மட்டுமன்று. கரியமில வாயுவைக் குறைக்கும் வழியுமாம் என்பதனை ஈண்டு விளக்குவோம். மணலி புதுநகரிலிருந்து தொழிற்சாலைப் புகையை நாளும் காண்போர்க்கு இதன் தேவை எளிதிற் புலனாகும்.

அப்பகுதிக்குத் தெற்கேயுள்ள இராயபுரம் புகைவண்டி நிலையம் சான்றாகும். தென்னாட்டின் முதல் நிலையமாக 1856-இல் திறக்கப்பெற்ற அது 2005-இல் புதுப்பிக்கப்பெற்றது. அதன் செங்கற்களைச் சுட்ட புகை அன்றே வெளிப்பட்டொழிந்தது. இத்தகைய கட்டடத்தை இடித்துப் புதிது எழுப்பின், செங்கல், இரும்பு, சிமெந்து ஆகியவற்றின் பொருட்டு அவ்வாயு மீண்டும் எழும். உலகில் மாந்தர் செயலால் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெந்துத் தொழிலினது.

சுண்ணாம்பும் சுடுங்கால் அவ்வாயுவை விடுமன்றோ எனின், உண்மையே. ஆயினும் சிமெந்திற்கு 1450 செண்டிகிரேடு பாகை வெம்மை வேண்டும். சுண்ணாம்பிற்கு 900 பாகையளவே அமையும். மேலும், கல்லினின்று நீங்கிய வாயுவிற் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு சுவரில் இறுகுங்கால் மீளப் பெறும். சூளையில் எரித்த விறகின் புகையோ அவ்வாறு மீளாது. ஆகலின் இடியாமை முதல் நெறி. சுதையாற் பழுது பார்த்தல் அடுத்த நெறி. சிமெந்துப் பூச்சு பழஞ்சுவரின் ஈரத்தை உள்ளடைத்துச் செங்கல்லைச் சிதைக்குமாதலின், பழுது மீண்டும் மீண்டும் நேரும்.

'சுதை' என்னுஞ் சொல் சுண்ணச் சாந்தினையும் அமிழ்தினையும் குறிக்கும். பழஞ்சுவரைப் பொறுத்தவரை அவ்விரு பொருளும் ஒன்றே எனலாம்.