கோழியின் கொரோனா வேறு, நம் கொரோனா வேறு

2020 மார்ச்சில், ஊரடங்கு வருவதற்கு முன்பே, குண்டடம், பொங்கலூர், பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழித் தொழிலை ஒரு வதந்தி படுக்கவைத்தது. கோழி தின்றால் கொரோனா வருமாம். பண்ணைக் கொள்முதல் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போனது.

கோழிக்கும் ஒரு கொரோனா உண்டு என்பது உண்மைதான். பண்ணைக்காரர்கள் 'ஐபி' என்று சொல்லும் மூச்சுக்குழல் நோய் அதனால்தான் வருகிறது. குஞ்சு கரகரவென்று மூச்சிழுக்கும். முட்டைக்கோழியாக இருந்தால் ஓடு கோணலாகி வெள்ளைக்கரு தண்ணீராகிவிடும். அமெரிக்காவில் 1931லேயே இதை விவரித்துவிட்டார்கள். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ்கள் தெரியவந்தது 1960களில்தான்.

கொரோனா குடும்பத்து வைரஸ் ஒவ்வொன்றின் மேலும் ஸ்பைக் என்ற புரதம் துருத்திக்கொண்டிருக்கும். செல்லின் மேற்பரப்பில் ஏதாவது ஒரு மூலக்கூறை அது பற்றினால்தான் வைரஸ் உள்ளே போக முடியும். எதைப் பற்றுகிறது என்பது வைரஸுக்கு வைரஸ் மாறும். கோழி வைரஸுக்குச் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை. கோவிட் வைரஸுக்கு ஏசிஇ2 என்ற புரதம். ஒட்டகத்திலிருந்து வந்த மெர்ஸ் வைரஸுக்கு டிபிபி4.

பங்காளி முறை பார்த்து இதைக் கணிக்க முடியாது. கோவிட், மெர்ஸ் இரண்டும் ஒரே பிரிவு, பிடிப்பது வெவ்வேறு. 2004இல் நெதர்லாந்தில் கண்டறிந்த என்எல்63 தூரத்து உறவு. பெரும்பாலும் சாதாரணச் சளிதான் தரும். ஆனால் அதுவும் ஏசிஇ2வையே பிடிக்கிறது. பன்றி வைரஸின் கதை இன்னும் விசித்திரம். குட்டிகளுக்குக் கொடிய கழிச்சல் தந்த டிஜிஇ வைரஸின் ஸ்பைக்கில் ஒரு துண்டு கழன்றுபோனது. சர்க்கரையைப் பற்றும் திறனும் அதோடு போயிற்று. இப்படிப் பிறந்த புது வைரஸ் குடலை விட்டுவிட்டு நுரையீரலில் குடியேறியது. 1980களில் பெல்ஜியத்தில் அதைக் கண்டார்கள். பெரும்பாலும் லேசான நோய்தான் தருகிறது.

கோழியின் உடலிலும் ஏசிஇ2 இருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு வேறு. கோவிட் ஸ்பைக்குக்குப் பிடி கிடைப்பதில்லை. 2020இல் சீனாவிலும் ஜெர்மனியிலும் கோழிகளுக்குள் வைரஸைச் செலுத்தியே பார்த்தார்கள், தொற்றவில்லை. பூனை இனத்தின் ஏசிஇ2வோ நம்முடையதை ஒத்தது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கோவிட் தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது.

ஆகவே கோவிட் காய்ச்சல் வந்தால் வீட்டுப் பூனையைத் தள்ளி வையுங்கள். கோழிக் குழம்பை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.