இரவிலே விழிக்கும் வனம்

மிருகக்காட்சிச்சாலையிற் பகற்பொழுதிலே சுருண்டு உறங்கும் பிராணியைக் கண்டு ஏமாற்றத்துடன் திரும்பாதார் நம்முள் யார்? குற்றம் அப்பிராணியுடையதன்று. வெப்பநாட்டுக் காடுகளின் பாலூட்டிகளிற் பெரும்பாலானவை பகலில் உறங்கி இரவில் உலாவுவன. அவை உறங்கும் வேளை பார்த்தே நாம் விருந்தினராய்ச் செல்கின்றோம்!

இதனையுணர்ந்தே சிங்கப்பூரின் மண்டாய் வனப்பகுதியில் 1994ஆம் ஆண்டு 'நைட் சபாரி' எனும் இரவுச் சாலையைத் திறந்தனர். இரவுப் பிராணிகளுக்கென அமைந்த உலகின் முதலாவது சாலை அது. பரப்பு 35 ஹெக்டேயர். அதனை வகுத்தோருள் நம் நாட்டவரான லின் டி அல்விஸ் ஒருவராவர். தெகிவளைச் சாலையின் பணிப்பாளராக விளங்கிய அவர், 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பகற்சாலைக்கும் ஆலோசனை கூறியவர்.

பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள அந்நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவிலே கதிரவன் மறைகின்றான். ஆதலின் சிறுவரும் உறக்கம் கெடாது கண்டு திரும்பலாம்.

நாம் சென்றபோது பக்கச் சுவரற்ற டிராம் வண்டி ஓசையின்றி நகர்ந்தது. மரங்களிடையே நிலவு பொழிவது போன்ற மங்கலொளி. நாடகமேடைகளுக்கு ஒளியமைத்த சைமன் கோர்டர் எனும் ஆங்கிலேயரின் கைவண்ணம் அது. முன்புறம் கருமையும் பின்புறம் வெண்மையுமான மலாயாத் தபிர் பகலில் விந்தையாகத் தோன்றும். இரவிலோ அதன் உருவம் துண்டுபட்டு, நிழலும் நிலவுமாய்க் கரைந்துவிடுகின்றது. நிறத்தின் பயன் அங்கேதான் எமக்கு விளங்கிற்று.

முன்னிருக்கை இளைஞரொருவர், தடையையும் மீறிக் கைப்பேசியின் மின்னொளியைப் பாய்ச்சினார். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் திகைத்து நின்றன. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்றதோர் படலம் உண்டு. சிறிதளவு ஒளியையும் திருப்பியனுப்பி, இருமுறை பயன்படச் செய்வது அதுவே. அத்தகைய கண்களுக்குத் திடீர்ப் பேரொளி எத்துணைத் துன்பமாகும்!

அங்கே கம்பிக்கூண்டுகளைக் காண்டல் அரிது. செடிகளுக்குள் மறைந்த அகழிகளே வேலிகள். எனினும் அவை மறைந்திருப்பது நம் கண்களுக்கு மட்டுமே. யானை தன் எல்லையை நன்கறியும். இதனை மாணவர் மறத்தலாகாது.

நம் நாட்டிலோ யானைக்கு எல்லையே ஆபத்தாகின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், விடியுமுன்னர், ஹபரணைக்கு அண்மையிலே புகைவண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன. நாம் உறங்கும் வேளையில் அவை நடமாடுகின்றன என்பதை அறியாதார் யார்? அறிந்தும் வேகத்தைக் குறைக்க மனமின்றி விரைகின்றோம்.

சிங்கப்பூர் டிராம் வண்டி மெல்லச் செல்வது காட்சிக்காக. நம் காட்டுவழிகளில் வண்டிகள் மெல்லச் செல்லவேண்டியது உயிருக்காக. இரவு அவற்றின் பகல் என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைப்போமாக.