எல்லைக் கிராமங்களில் குடியேற்றம்: இடத்தேர்வில் கருத வேண்டியவை

நகரங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுவோரும், அயல்நாடுகளில் பொருளீட்டித் திரும்புவோரும், கிராமப்புறத்தில் சிறிது நிலம் வாங்கி வீடு கட்டி வாழ விரும்புவது இன்று பெருகி வருகின்றது. கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்கள் இத்தகையோரைக் கவரும் பகுதிகளுள் ஒன்றாகும். இரு பருவமழைகளும் பெறும் பூமி. தென்னை, ரப்பர், மரச்சீனி, நேந்திரன் வாழை ஆகியவை செழிக்கும் மண். இரு மொழிகளும் புழங்கும் கடைத்தெருக்கள். நெய்யாற்றின்கரை திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், பாறசாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. தேசிய நெடுஞ்சாலையும், 1979-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதையும் இவ்வட்டாரத்தின் ஊடே செல்கின்றன. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகமும் அருகிலேயே உள்ளது.

பிற இடங்களில் நிலம் வாங்குவோர் விலை, மண், நீர், சாலை ஆகியவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கோ சாலையின் ஒரு புறத்தைத் தெரிவு செய்வது ஒரு மாநிலத்தையே தெரிவு செய்வதாகும். நிலச் சட்டம், உள்ளாட்சி, பாசன உரிமை, குழந்தைகளின் கல்விச் சலுகை ஆகிய அனைத்தும் அந்தத் தெரிவோடு மாறிவிடுகின்றன. வாழ்நாள் சேமிப்பை ஒரு துண்டு நிலத்தில் இடுபவர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

எல்லை பிறந்த வகை

1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகியவை அடுத்தடுத்த வட்டங்கள். மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

இவ்வாறு அமைந்த எல்லைக்கு மலையோ ஆறோ எங்கும் அரணாக இல்லை. களியக்காவிளையிலும் பனச்சமூட்டிலும் கடைவீதியை ஒட்டியே எல்லை செல்கின்றது. உறவு, திருமணம், வழிபாடு, வாணிகம் எதுவும் அதனால் தடைப்படவில்லை. எனினும் 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது இதே எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. அன்றாட வாழ்வில் கண்ணுக்குத் தெரியாத கோடு நெருக்கடிக் காலத்தில் மதிலாக எழும் என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

கிராமம் என்பது எது?

ஜப்பானில் மக்கள் தொகை குறைந்து கிராமங்கள் வெறுமையாகி வருகின்றன. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. குடியேற வருவோருக்கு உள்ளூராட்சிகள் சலுகைகள் அளிக்கின்றன. தென்கோடி இந்தியாவின் நிலை இதற்கு நேர் எதிரானது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,508 பேரும், கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேரும் வாழ்ந்தனர். தமிழ்நாட்டின் சராசரி 555 மட்டுமே. இங்கு வீடுகள் ஊர் நடுவில் திரண்டிராமல், ஒவ்வொன்றும் தன் தோட்டத்தின் நடுவே நிற்பதால் பார்வைக்குப் பசுமை தெரிகின்றது. ஆனால் பரந்த வெளியும் தனிமையும் நாடுவோருக்கு அவை கிடைப்பது அரிது.

ஊரகம் என்னும் வகைப்பாடும் எல்லையின் இரு புறமும் வேறுபடுகின்றது. 2011-இல் கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவராகக் கணக்கிடப்பட்டனர். தொழில் வளர்ச்சி இதற்குக் காரணமன்று. தோட்டமும் வயலும் நிறைந்த ஊர்கள் பல பேரூராட்சிகளாக அமைக்கப்பட்டிருப்பதே காரணம். கேரளத்தில் இது வேறு வழியில் நிகழ்ந்தது. 5,000 மக்கள் தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் தொழிலாளரில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே பணிபுரிதல் ஆகிய மூன்றும் அமைந்த ஊரைக் கணக்கெடுப்புத் துறை நகரமாகக் கொள்கின்றது. இத்தகைய ஊர்கள் கேரளத்தில் 2001-இல் 99, 2011-இல் 461. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை கிராமப் பஞ்சாயத்துகளாகவே தொடர்ந்தன.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஊரக வேலை உறுதித் திட்டம் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளை எட்டவில்லை. எல்லைக்கு அப்பால் அதே தோற்றமுடைய ஊர் கிராமப் பஞ்சாயத்தாக இருந்ததால் அத்திட்டத்தைப் பெற்றது. வீட்டுவசதித் திட்டங்களும் இவ்வாறே ஊரகம், நகர்ப்புறம் எனப் பிரிந்தவை. ஆகவே, தெரிவு செய்யும் மனை எவ்வகை உள்ளாட்சியில் அடங்கும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்று நிலப்பகுதிகள்

மேற்கே கடல், கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை; இடைப்பட்ட குறுகிய நிலம் மூன்று பட்டைகளாக அமைந்துள்ளது. கேரளத்தின் பொழியூரும் தமிழ்நாட்டின் நீரோடியும் அடுத்தடுத்துள்ள கடற்கரைப் பட்டை, கடலரிப்பால் தொடர்ந்து இடர்ப்படுவது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கரை மீனவக் குடும்பங்கள் பலவற்றை நிர்க்கதியாக்கியது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு.

கிழக்கேயுள்ள மலையோரப் பட்டையின் அனுபவம் மேலும் கவனத்துக்குரியது. இன்று காட்டாக்கடை வட்டத்தைச் சேர்ந்த அம்பூரியில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து உழவர்கள் குடியேறினர். விளைநிலம் தேடி வந்த அவர்கள் காட்டைத் திருத்திப் பயிர் செய்தனர். காலப்போக்கில் சரிவுகளில் ரப்பர் பரவியது. 2001 நவம்பர் 9-ஆம் நாள் பெருமழையின்போது அங்கு ஏற்பட்ட நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். சரிவான நிலத்தில் மேல்மண்ணை வெட்டிச் சமன் செய்தலும், இயற்கை ஓடைகளை அடைத்தலும், மழைநீர் வடிய வழியின்றித் தேங்குதலும் இத்தகைய அழிவுக்கு இடம் தருகின்றன. மலைக்காட்சிக்காக மனை தேடுவோர், அதன் மேற்புறச் சரிவில் என்ன உள்ளது, மழைநீர் எவ்வழியே இறங்குகின்றது என்பவற்றை மழைக்காலத்திலேயே நேரில் காண்பது நன்று. எல்லைக்கு இப்பால், குமரி மாவட்டத்தின் மலையோரக் கிராமங்கள் பலவற்றில் கட்டடம் எழுப்ப மலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி தனி அனுமதியும் தேவைப்படுகின்றது.

காரோடு, பாறசாலை, குன்னத்துக்கால், களியக்காவிளை ஆகியவை அமைந்த இடைநிலப் பட்டையே குடியிருப்புக்கு ஏற்றது எனலாம். மேட்டில் வீடும் தோட்டமும், பள்ளத்தில் ஏலா எனப்படும் வயற்பரப்பும் என்பதே இதன் பழைய அமைப்பு. மேட்டு மனையின் கிணற்றுக்கு நீர் தருவது பள்ளத்து வயலில் தேங்கும் நீரே. வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுபவர் தம் அயலாரின் கிணற்றை மட்டுமன்றித் தம் கிணற்றையும் வற்றச் செய்கின்றார்.

வரைபடத்திலுள்ள கால்வாய்

நீரைப் பொறுத்தவரை நெய்யாற்றுப் பாசனத்தின் வரலாறு ஒரு பாடமாகும். நெய்யாறு அணை 1958-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கர் நிலத்துக்கு நீர் தந்து வந்தது. 2004-ஆம் ஆண்டு இந்நீர் நிறுத்தப்பட்டது. மாநிலங்களுக்கிடையே பேச்சுகள் நடந்தும் உடன்பாடு ஏற்படாமையால், 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. கால்வாய் இன்றும் நிலத்தில் உள்ளது, வரைபடத்திலும் உள்ளது. அதனை நம்பி வாழையோ நெல்லோ பயிரிட முடியாது. எனவே பாசன வசதி உள்ளது என்று விற்பவர் கூறினால், கடந்த கோடையில் அக்கால்வாயில் நீர் வந்ததா என்று அண்டை உழவரிடம் கேட்டறிய வேண்டும். கிணற்று நீரையும் மாசி, பங்குனி மாதங்களில் பார்ப்பதே முறை.

ஆவணங்களும் செலவும்

கேரளத்தில் நிலம் ஆர் அளவில் பதியப்படுகின்றது. பேச்சு வழக்கில் சென்டு. 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்டு. கிரயத்துக்குப் பின் வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றுவதை அங்கு போக்குவரவு என்பர். அதன் பின்னரே வாங்கியவர் பெயரில் வரி செலுத்த இயலும். தமிழ்நாட்டில் இதற்கு ஈடானது பட்டா மாறுதல். கேரளத்தில் முதன்மையாக நோக்க வேண்டியது நிலத்தின் வகை. புரையிடம் எனக் குறிக்கப்பட்ட மேட்டுநிலத்தில் வீடு கட்டத் தடையில்லை. நிலம் என்று குறிக்கப்பட்டிருப்பின் அது வயல் என்று பொருள். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் தன்மையை மாற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. இன்று தென்னை நிற்கும் இடமும் ஏட்டில் வயலாக இருக்கக்கூடும். மலிவு விலையின் காரணம் சில வேளைகளில் இதுவே.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மனைப்பிரிவின் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்குப் பின் தோன்றிய அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின் பயன் இல்லை. மேலும், 1956-க்கு முற்பட்ட மூல ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சிங்கம் முதல் தனு நடுப்பகுதி வரையுள்ள மாதங்களாயின் 824-ஐக் கூட்ட வேண்டும். வில்லங்கச் சான்றோடு மூல ஆவணத்தையும் படித்தறிய இருமொழி தெரிந்தவரின் துணை இன்றியமையாதது.

பதிவுச் செலவில் பெருத்த வேறுபாடு இல்லை. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முறையே 7, 2 விழுக்காடுகள். ரூ. 20 லட்சம் மதிப்புள்ள நிலத்துக்குப் பொது விகிதப்படி முன்னதில் ரூ. 2 லட்சமும் பின்னதில் ரூ. 1,80,000-உம் செலவாகும். உழவர் அல்லாதார் வேளாண் நிலம் வாங்க மகாராஷ்டிரத்தில் உள்ளது போன்ற தடை இவ்விரு மாநிலங்களிலும் இல்லை. நில உச்சவரம்பு மட்டும் இரண்டிலும் உண்டு.

குடும்பத்தின் உரிமைகள்

நிலத்தைக் காட்டிலும் நீண்ட காலம் உடன் வருவது குடும்பத்தின் சட்ட நிலை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தால், அதே சாதி அங்கும் பட்டியலில் இருந்தாலும், அம்மாநில அரசின் இட ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதனை உறுதி செய்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டும் தந்தை, தம் மக்களின் தொழிற்கல்வி வாய்ப்பை அறியாமலே மாற்றிவிடக்கூடும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறானவை. பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மற்றெல்லாக் காரணங்களையும் விட இது முதன்மையானதாக அமையலாம்.

சில துறைகளில் எல்லையின் கடுமை தணிந்துள்ளது. 2020 முதல் ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் இரு மாநிலங்களும் இணைந்துள்ளமையால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர் எப்பக்கத்திலும் தானியம் பெறலாம். ஆனால் மாநில அரசுகள் தனியே அளிக்கும் உதவிகள் இவ்வாறு கைமாறுவதில்லை. மருத்துவத்துக்கு மக்கள் இரு புறமும் சென்று வருகின்றனர். மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களின் தகுதி மட்டும் குடியிருப்பைப் பொறுத்தது. மொழியைப் பற்றிய அச்சம் தேவையில்லை. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கின்றது.

தேர்வின் வரிசை

பொதுவாக நிலம் தேடுவோர் காட்சியில் தொடங்கி, விலையைப் பேசி, ஆவணத்தில் முடிக்கின்றனர். எல்லைக் கிராமங்களில் இவ்வரிசை தலைகீழாக வேண்டும். குடும்பத்தில் எவருக்கு எவ்வுரிமை எந்த மாநிலத்தில் உள்ளது என்பது முதல் கேள்வி. உள்ளாட்சி எவ்வகை, நிலம் ஏட்டில் எவ்வகை என்பவை அடுத்தவை. கோடையில் நீர், மழையில் சரிவு என்பவை அதன் பின். விலையும் காட்சியும் இறுதியில் வரட்டும். ஓராண்டு வாடகை வீட்டில் தங்கி இரு பருவங்களையும் பார்த்தபின் வாங்குவது, முதியோருக்கும் புதியோருக்கும் உகந்தது.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. எல்லையோர வட்டங்களின் வருவாய், பதிவு அலுவலகங்கள் நிலவகை, அனுமதி, கட்டணம் பற்றிய விளக்கத் தாள்களை இரு மொழிகளிலும் வெளியிடுமாயின், வாங்குவோர் பலர் இடைத்தரகரை நம்பிக் கெடுவது குறையும். ஏலாவையும் ஓடையையும் காக்கும் பொறுப்பு இரு பக்கத்து ஊராட்சிகளுக்கும் பொதுவானது. 1956-இல் பிரிந்தவை நிர்வாகங்களே. நிலத்தடி நீர் இன்றும் ஒன்றாகவே உள்ளது.