வீடு மாறிய வண்டு
மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வெப்பமண்டலக் காடுகளில் ஒரு நீளக்கொம்பு வண்டு இருக்கிறது. கொம்பை விடுங்கள், ஆண் வண்டின் முன்னங்கால்களே உடலைவிட நீளம்! அதனால்தான் 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்கு ‘செராம்பிக்ஸ் லாங்கிமானஸ்’ என்று பெயர் வைத்தார். லாங்கிமானஸ் என்பது இனப்பெயர்; நீண்ட கையன் என்று பொருள். செராம்பிக்ஸ் என்பது பேரினம். குடும்பப் பெயர் மாதிரி. அந்தக் காலத்தில் கொம்பு நீண்ட வண்டுகள் பலவும் அந்த ஒரே கூரையின்கீழ்தான் நெருக்கியடித்துக் கிடந்தன. 1806-இல் இல்லிகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்த வண்டைப் பிரித்து, ‘அக்ரோசினஸ்’ என்ற புதிய பேரினத்தில் குடிவைத்தார். வீடு மாறியும் நீண்ட கையன் நீண்ட கையன்தான். முதலில் வைத்த இனப்பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. இடம் மாறியதன் அடையாளமாக, வண்டின் பெயருக்குப் பின்னால் லின்னேயஸின் பெயரை இன்றைக்கும் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்.