முக்காடும் மேடையும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் ஆளைப் பின்னுக்குத் தள்ளி ஆடையை மட்டுமே முன்னிறுத்தும் தொழில் ஒன்று உண்டு. புத்தாடைகளை உடுத்தி மேடையில் நடந்து காட்டும் மாடல் தொழிலே அது. அங்கு நடந்து வருபவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் உடுத்தியிருப்பது எது என்பதே பேச்சு. அத்தகைய தொழிலுக்குள் நுழையும் ஒரு பெண், "எதை வேண்டுமானாலும் உடுத்துகிறேன், என் தலை முக்காட்டை மட்டும் கழற்ற மாட்டேன்" என்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நிகழ்ந்த சில செய்திகளைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

முக்காடு என்பது யாது?

'ஹிஜாப்' என்ற அரபுச் சொல்லுக்குத் திரை, மறைப்பு என்பது பொருள். இன்று அது தலைமுடியையும் கழுத்தையும் மூடும் துணியைக் குறிக்கிறது. கண்களை மட்டும் விட்டு முகத்தை மறைப்பது 'நிகாப்'. உடல் முழுவதும் படியும் தளர்ந்த மேலங்கி 'அபாயா'. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மில் பலர்.

தலையை மூடும் வழக்கம் இசுலாத்துக்கு மட்டுமே உரியதும் அன்று. கத்தோலிக்கக் கன்னியர் பலர் தலைத்துணி அணிகின்றனர். யூத சமயத்தின் வைதிகப் பிரிவில், மணமான பெண்கள் தம் முடியைத் துணியாலோ பொய்முடியாலோ மறைக்கின்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெருந்தொகையினராக வாழும் மார்மன் சமயத்தவரும் தோளும் தொடையும் மறையும் உடையையே போற்றுகின்றனர். சமயங்கள் வேறாயினும் 'அடக்கமான உடை' என்னும் கருத்து ஒன்றே.

இதில் அரசுகளும் தலையிட்டிருக்கின்றன. ஈரானில் 1979 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் முக்காடு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பிரான்சிலோ 2004 ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பள்ளி மாணவியர் அதை அணிவதைத் தடை செய்தது. ஒன்று 'போடு' என்றது. மற்றொன்று 'கழற்று' என்றது. இரண்டிலும் அணிபவளின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. இதை நினைவில் இருத்திக்கொண்டு மேடைக்குச் செல்வோம்.

தொழிலின் இயல்பு

மாடல் தொழிலில் உடையைத் தேர்ந்தெடுப்பவர் வேறு, உடுத்துபவர் வேறு. ஆடை வடிவமைப்பாளர் உடையைத் தருகிறார். ஒப்பனைக் கலைஞரும் முடி அலங்காரம் செய்பவரும் தலையையும் முகத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றனர். மேடைக்குப் பின்னால், பலரும் நடமாடும் இடத்தில், ஓரிரு நிமிடங்களில் ஓர் உடையைக் களைந்து மற்றொன்றை அணிய வேண்டும். வெட்கப்பட அங்கே நேரமில்லை. தலைமுடியும் அத்தொழிலில் ஒரு சரக்கே.

இதைத் தொலைக்காட்சி ஒரு கேளிக்கையாகவே ஆக்கியது. 2003 இல் டைரா பேங்க்ஸ் தொடங்கிய 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்ற போட்டி நிகழ்ச்சியில், போட்டியாளரின் தலைமுடியை வெட்டியும் நிறம் மாற்றியும் உருவத்தையே மாற்றும் கட்டம் புகழ் பெற்றது. அழுதுகொண்டே அமர்ந்திருந்த பெண்களை உலகம் கண்டு களித்தது. மறுத்தால், "இத்தொழிலுக்கு ஏற்றவள் அல்லள்" என்ற பேச்சு எழும். கீழ்ப்படிதலே அங்குத் திறமையின் அளவுகோல். முக்காடு அணியும் பெண்ணுக்கு இத்தொழிலின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்ததில் வியப்பென்ன?

கதவைத் தட்டியவர்

ஹலீமா ஏடன் சோமாலியர். 1997 இல் கென்ய நாட்டின் ககூமா அகதி முகாமில் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோதே குடும்பத்துடன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறினார். கல்லூரியில் பயின்றுகொண்டே மருத்துவமனையில் துப்புரவுப் பணியும் செய்தார். 2016 நவம்பரில் மின்னசோட்டா அழகிப் போட்டியில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 19. முக்காட்டுடன் அப்போட்டியில் நின்ற முதற் பெண் அவரே.

நீச்சலுடைச் சுற்றில் அவர் அணிந்தது 'புர்கினி'. முகம், கை, பாதம் தவிர உடல் முழுவதையும் மூடும் இவ்வுடையை 2004 இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியவர் அஹீதா சனெட்டி. ஹலீமா அதை மேடையில் அணிந்த அதே 2016 இல்தான், பிரான்சின் கடற்கரை ஊர்கள் சில அதைத் தடை செய்தன. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்டு மாதம் ஓர் ஊரின் தடையை நிறுத்தி வைத்தது.

ஹலீமா பட்டத்தை வெல்லவில்லை, அரையிறுதியோடு நின்றார். ஆயினும் 2017 இல் ஐ.எம்.ஜி. என்ற பெரிய மாடல் நிறுவனம் அவரை ஏற்றது. முக்காட்டைக் கழற்றச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. உடை மாற்றத் தனி மறைவிடமும் கிடைத்தது. நியூயார்க், மிலான் மேடைகளில் நடந்தார். 2018 மே மாதம் பிரிட்டிஷ் 'வோக்' இதழின் அட்டையை மற்ற மாடல்களுடன் அலங்கரித்தார். முக்காடிட்ட பெண் அவ்வட்டையில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

திரையில் ஒரு வடிவமைப்பாளர்

அதே 2017 இல் தொலைக்காட்சியிலும் ஒரு புதுமை. 'புராஜெக்ட் ரன்வே' என்பது ஆடை வடிவமைப்பாளர்களுக்கான போட்டி நிகழ்ச்சி. அதன் பதினாறாம் தொடரில், யூட்டாவிலிருந்து வந்த அயானா ஐஃபே என்ற முஸ்லிம் பெண் முக்காட்டுடன் கலந்துகொண்டார். கை, கழுத்து, கால் மறையும் உடைகளையே வெட்டித் தைத்தார். உடலைக் காட்டிக் கவர்வது எளிது. மறைத்தும் அழகு சேர்ப்பதற்குத் துணியின் மடிப்பும் வெட்டும் தையலும் அறிந்த கை வேண்டும். அக்கை அவருக்கு இருந்தது. இறுதிச் சுற்றில் இரண்டாம் இடம் பெற்றார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அயானாவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. துணி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். ஹலீமாவோ பிறர் தந்ததை அணிய வேண்டியவர். அவருக்கிருந்த காவல் ஒரு காகித ஒப்பந்தம் மட்டுமே.

முக்காடு சுருங்கிய விதம்

2020 நவம்பரில், 23 ஆம் வயதில், மாடல் மேடையை விட்டு விலகுவதாக ஹலீமா அறிவித்தார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்தபோது, வந்த வழியைத் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார். முக்காட்டைக் கழற்றச் சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தது. ஆனால் முக்காடு சிறிது சிறிதாக உருமாறியது. கழுத்து தெரிந்தது. தலைத்துணிக்குப் பதில் வேறு பொருள்கள் வந்தன. ஒரு விளம்பரத்தில் ஜீன்ஸ் காற்சட்டையே அவர் தலையில் சுற்றப்பட்டது! தொழுகை நேரங்கள் தவறின. முக்காட்டின் பொருள் அறிந்த முஸ்லிம் பெண் ஒப்பனையாளர்கள் அத்துறையில் இல்லாததும் ஒரு காரணம் என்றார். வேண்டாம் என்று தாம் சொல்லத் தவறியதையும் அவர் மறைக்கவில்லை. இத்தொழிலை விட்டுவிடுமாறு அவருடைய தாய் நெடுநாளாகவே வேண்டிவந்தாராம்.

"மேடை ஏறுவதே அடக்கத்துக்கு எதிரானதாயிற்றே, பிறகு முக்காடு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. இவ்வினாவை முஸ்லிம்களே எழுப்புகின்றனர். அதற்கு விடை சொல்லும் உரிமை அணிபவளுக்கே உண்டு என்பது என் கருத்து. ஹலீமா முதலில் 'ஆம்' என்றார். பின்னர் 'இல்லை' என்றார். இரண்டும் அவருடைய விடைகளே.

முடிவுரை

சட்டம் போட்டு முக்காட்டைக் கழற்றுவதும், கட்டாயப்படுத்தி அணிவிப்பதும் கண்ணுக்குத் தெரியும் கொடுமைகள். புன்னகையோடும் பாராட்டோடும், "இன்று ஒரு நாள் மட்டும், இந்தப் படத்துக்கு மட்டும்" என்று விரலளவு விரலளவாக அதை நகர்த்துவது கண்ணுக்குத் தெரியாதது. முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய நம் போன்றோர்க்கு இது நன்கு விளங்கும். புதிய இடத்தில் நம்மை ஏற்றுக்கொண்டார்களே என்ற நன்றியில், 'வேண்டாம்' என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஒருவரை மேடைக்கு அழைப்பது பெருந்தன்மை. மேடை ஏறிய பின்னும் அவர் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் வைப்பதே மரியாதை. வருங்காலத்தில் பிறரை அழைக்கும் இடத்தில் நாம் அமர நேரும்போது, நண்பர்களே, இதை மறவாதிருப்போம்.